75ஐ நாலால வகுத்துப் பாருங்க

ஒரு ஞாயித்துக்கிழம ராத்திரி ரெக்கார்டு நோட்டு திருத்திக்கிட்டு இருந்தேன். பத்தாம் வகுப்பு, சுற்றோட்டப் பாடம், உடற்பயிற்சிக்கு முன்னாடி நாடித்துடிப்பு எவ்வளவு, பின்னாடி எவ்வளவுன்னு புள்ளைங்க அளந்து எழுதுன டேபிள். பதினஞ்சு நோட்டு தாண்டுனதும் ஒரு மாதிரி ஆயிருச்சு. ஓய்வுல இருக்கும்போதுங்கிற கட்டத்துல ஒண்ணு 72 இருக்கு, இல்லாட்டி 75 இருக்கு. புக்குல இதயம் நிமிஷத்துக்கு 72ல இருந்து 75 தடவ துடிக்கும்னு போட்டிருக்கு, சரி, அதே வந்துருச்சு போலன்னு அடுத்த நோட்ட எடுத்தேன். அப்பத்தான் உறைச்சுச்சு. நான் சொல்லிக்குடுத்தது 15 செகண்ட் எண்ணி நாலால பெருக்கணும்னு. நாலால பெருக்குனா எப்படிங்க 75 வரும்? உடற்பயிற்சிக்கு அப்பறம்ங்கிற கட்டத்துல நெறைய பேரு 130 எழுதியிருக்கான், அதுவும் நாலால வகுபடாது. மொத்த நோட்டையும் தரையில பரப்பி வச்சு ஒவ்வொண்ணா நாலால வகுத்துப் பாத்தேன். பாதிக்கு மேல வகுபடல. அதாவது பாதிப் புள்ளைங்க கைய எடுத்து நாடியே பாக்கல, பாத்தவங்களும் பாத்தத எழுதல.

அன்னைக்கு ராத்திரி எனக்கு வந்த மொத நெனப்பு புள்ளைங்க ஏமாத்திட்டாங்கங்கிறதுதான். காலையில பஸ்ஸுல போகும்போதுதான் வேற மாதிரி யோசன ஓடுச்சு. நான் அந்த சோதனைய எப்படி நடத்துனேன்? மொதல்ல போர்டுல "உடற்பயிற்சி செய்தால் நாடித்துடிப்பு அதிகரிக்கும்"னு முடிவ எழுதிட்டேன், ஓய்வுல 72ன்னு சொல்லிட்டேன், ஓடிட்டு வந்தா 120, 130 வரும்னும் சொல்லிட்டேன், அதுக்கப்பறம் போய் அளந்துட்டு வாங்கன்னு அனுப்புனேன், சரியா இருந்தா அஞ்சு மார்க்குன்னும் சொன்னேன். விடையவும் குடுத்து மார்க்கையும் காட்டிட்டா புள்ள எதுக்குங்க மணிக்கட்டப் புடிச்சிக்கிட்டு நிக்கணும்?

இதுல என்னைய ரொம்ப வருத்துனது இன்னொண்ணு. ஒரு பொண்ணு. அது மட்டும் ஓய்வுல 64, ஓடிட்டு வந்து 92ன்னு எழுதிக் கொண்டாந்துச்சு. ரெண்டும் நாலால வகுபடும், 16 துடிப்பு, 23 துடிப்பு. அன்னைக்கு நான் அது நோட்டப் பாத்துட்டு, "என்னம்மா இது, ஓடுனியா இல்ல நடந்தியா, திரும்ப ஓடு"ன்னு சொன்னேன். ஓடிட்டு வந்துச்சு, மறுபடி 92. "உனக்கு நாடி புடிக்கத் தெரியல, தெரிஞ்ச புள்ளைகிட்ட காட்டி எழுது"ன்னேன். மூணாவது தடவ 128ன்னு எழுதிக் காட்டுச்சு, நானும் டிக் போட்டு அனுப்பிட்டேன். 128, 32 பெருக்கல் நாலு. கணக்கு சரியா வர்ற மாதிரி யோசிச்சு எழுதியிருக்கு. அந்த வகுப்புல உண்மைய எழுதுன புள்ளைக்கு பொய் எழுதச் சொல்லிக்குடுத்தது நான்தான்.

எங்க ஊர் கம்பத்துக்குப் பக்கத்துல. இங்க நெறைய வீட்டுல அம்மாமாருங்க விடியுமுன்ன அஞ்சு மணி, அஞ்சரைக்கெல்லாம் ஜீப்புல ஏறி கம்பம்மெட்டு வழியாவோ குமுளி வழியாவோ கேரளாவுக்குள்ள ஏலத்தோட்ட வேலைக்குப் போயிருவாங்க, அப்பாமாருங்க பாதிப் பேரு திராட்சைத் தோட்டத்துல. அந்தப் பொண்ணு வீட்டுல ஆடு இருக்கு, காலையில பள்ளிக்கூடம் வர்றதுக்கு முன்னாடி மலையடிவாரத்துல ஏறிப் போய் புல்லுக்கட்டு தூக்கிட்டு வரும், இது எனக்கு அதுக்கப்பறம்தான் தெரிஞ்சுச்சு. தெனமும் அப்படி ஏறி எறங்குற ஒரு உடம்புல இதயம் ஒரு துடிப்புக்கு அனுப்புற ரத்தம் கூடுதலா இருக்கும். நம்ம எல்லாருக்கும் ஓய்வுல ஒரு துடிப்புக்கு ஏறத்தாழ 70 மில்லி, நிமிஷத்துக்கு 72 தடவன்னா மொத்தம் அஞ்சு லிட்டர். ஒரு துடிப்புக்கே அதிகமா அனுப்புற இதயம் கொஞ்ச தடவ துடிச்சாப் போதும். ஓட்டக்காரங்க, சைக்கிள் வீரர்களுக்கெல்லாம் ஓய்வுல நிமிஷத்துக்கு 40, 50ன்னுகூட இருக்கும். அவ்வளவு பெரிய பாடத்தக் கையில வச்சிக்கிட்டு அந்தப் புள்ள நின்னுச்சு, நான் தப்புன்னு திருப்பி அனுப்பிட்டேன். மறுநாள் வகுப்புல எல்லாரு முன்னாடியும் "உன் நோட்டுல மொதல்ல இருந்ததுதாம்மா சரி, நான் சொன்னதுதான் தப்பு"ன்னு சொன்னேன். தல குனிஞ்சு நின்னுச்சு, ஒண்ணும் பேசல.

அதுக்கப்பறம் மூணு வருஷமா அந்தச் சோதனைய மாத்தி மாத்திப் பண்ணிப் பாக்குறேன். நம்ம மாதிரி சாமான் இல்லாத பள்ளிக்கூடத்துல நடத்துறவங்களுக்கு ஒதவும்னுதான் இத எழுதுறேன்.

மொத மாத்தம், முடிவச் சொல்லவே இல்ல. கேள்வி மட்டும்தான் போர்டுல. "படி ஏறி எறங்குனா நாடிக்கு என்ன ஆகும், பழைய நெலைக்கு வர எவ்வளவு நேரம் ஆகும், எல்லாருக்கும் ஒரே மாதிரி ஆகுமா?" அவ்வளவுதான். அளக்குறதுக்கு முன்னாடி ஒவ்வொருத்தரும் என்ன ஆகும்னு நெனைக்கிறாங்களோ அத ஒரு துண்டுச்சீட்டுல எழுதி மடிச்சுக் குடுத்துரணும். மார்க்கு நம்பருக்குக் கெடையாது, எப்படி அளந்தேன்னு எழுதுறதுக்குத்தான்.

ரெண்டாவது, நாடியக் கண்டுபுடிக்கவே ஒரு முழுப் பீரியடு ஒதுக்கிட்டேன். முன்னாடி அத அஞ்சு நிமிஷத்துல சொல்லிட்டு விட்டுருவேன், எல்லாப் பிரச்சனையும் அங்கதான் ஆரம்பிச்சிருக்கு. புள்ளைங்க பாதி பேரு கட்டவெரல வச்சு அமுக்குறாங்க, கட்டவெரலுக்கே தனியா துடிப்பு தெரியும், அதனால எதுத்தவன் நாடின்னு நெனச்சு தன் துடிப்ப எண்ணிக்கிட்டு இருப்பான். நான் என்ன சொன்னேன்னா, நாட்டு வைத்தியரு நாடி புடிச்சுப் பாத்திருக்கீங்கல்ல, ஆள்காட்டி வெரல், நடுவெரல், மோதிரவெரல் மூணையும் மணிக்கட்டுல கட்டவெரல் பக்கமா வைப்பாருல்ல, அதே மாதிரி வைங்கன்னேன். டக்குனு புடிச்சிக்கிட்டாங்க. அவரு வாதம் பித்தம் கபம்னு பாப்பாரு, நாம எண்ண மட்டும் போறோம், ஆனா எடம் ஒண்ணுதான். ரொம்ப அமுக்குனா துடிப்பு நின்ன மாதிரி இருக்கும், லேசா வச்சா தெரியாது, அந்த நடு அமுக்கம் பழக்கத்துலதான் வரும். கழுத்துல பாக்க வேணாம்னு சொல்லிட்டேன், ஏன்னா ரெண்டு பக்கமும் சேத்து அமுக்கிட்டா மயக்கம் வரலாம், அந்த வம்பு நமக்கு எதுக்கு.

மூணு பேரு ஒரு குழு. ஒருத்தர் படி ஏறுறவங்க, ஒருத்தர் நாடி எண்ணுறவங்க, ஒருத்தர் கடிகாரம் பாக்குறவங்க. எண்ணுறவங்களுக்கு கடிகாரம் தெரியக்கூடாது, திரும்பி உக்காந்துக்கணும், கடிகாரக்காரர் "ஆரம்பி" "நிறுத்து"ன்னு மட்டும் சொல்லணும். எழுதுறது வெறும் எண்ணிக்கை மட்டும், 18, 21, 27 இப்படி. நாலால பெருக்குற வேலைய மறுநாளைக்குத் தள்ளி வச்சிட்டேன். இந்த ஒண்ணு மட்டும் நீங்க பண்ணாலே போதும், புள்ளைங்க 72அ நோக்கிப் போறது நின்னுரும், ஏன்னா 15 செகண்டுக்கு எத்தன வந்தா 72ன்னு மனசுல போட்டுப் பாக்குற அவகாசமே அந்த நேரத்துல கெடைக்காது. அப்பறம் எண்ணும்போது மொத துடிப்ப பூஜ்யம்னு எண்ணணும். துடிப்பு வர்ற நேரத்துலயே வாட்ச்ச ஓட விட்டுட்டு அத ஒண்ணுன்னு எண்ணுனா ஒரு துடிப்பு கூடிரும், நாலால பெருக்குனா நாலு துடிப்பு கூடிரும். எங்க வகுப்புல ரெண்டு பேரு ஒரே கைய ஒரே நேரத்துல புடிச்சுப் பாத்து சண்ட போட்டதுலதான் இது வெளிய வந்துச்சு, ஒருத்தி ஒண்ணுல ஆரம்பிச்சிருக்கா, இன்னொருத்தி பூஜ்யத்துல.

15 செகண்டா 30 செகண்டா ஒரு நிமிஷமாங்கிறதுல ஒரு பெரிய விவாதமே நடந்துச்சு. ஒரு பையன் கேட்டான், "டீச்சர், ஒரு துடிப்பு தப்பா எண்ணுனா 15 செகண்டுல நாலு தப்பாகுது, முழு நிமிஷம் எண்ணுனா ஒண்ணுதான தப்பாகும், அதயே பண்ணலாமே?" நல்ல கேள்வி. ஓய்வுல இருக்கும்போது அவன் சொல்றதுதான் சரி, அதனால ஓய்வு நாடிய முழு நிமிஷம் எண்ணச் சொல்லிட்டேன். ஆனா படி ஏறி முடிச்சதும் அது ஒதவாது, ஏன்னா நிறுத்துன ஒடனே மொத நிமிஷத்துலதான் நாடி சர்ருன்னு எறங்கும், ஒரு நிமிஷம் எண்ணுனா எறங்கி வர்ற வழி முழுசையும் சேத்துக் கலந்து ஒரு நம்பர் கெடைக்கும், உச்சம் தெரியாமப் போயிரும். அதனால நிறுத்துன ஒடனே 15 செகண்ட், அப்பறம் ஒண்ணாவது நிமிஷம் முடிஞ்சதும் 15 செகண்ட், ரெண்டாவது, மூணாவதுன்னு. அத கிராஃப் தாள்ல போட்டா மலையிலிருந்து எறங்குற ரோடு மாதிரி ஒரு கோடு வரும், அந்தக் கோடுதான் உண்மையில பாடம். உச்சத்த விட எவ்வளவு வேகமா எறங்குதுங்கிறது உடம்போட தெம்ப நல்லாக் காட்டும். 1940கள்ல ஹார்வர்டுல உருவாக்குன படி ஏறுற சோதனையிலகூட மார்க்கு போடுறது ஏறி முடிச்சப்பறம் எண்ணுற நாடிய வச்சுத்தான்.

அந்த ஹார்வர்டு சோதனைய அப்படியே எடுத்து நடத்திராதீங்க. அதுல படி 20 இஞ்சு, நிமிஷத்துக்கு 30 தடவ, அஞ்சு நிமிஷம். வாட்டசாட்டமான இளவட்டங்களுக்குப் போட்டது, நம்ம புள்ளைங்களுக்கு முட்டி போயிரும். நாங்க கொடிமேடைப் படிய எடுத்துக்கிட்டோம், அளந்து பாத்தா 20 சென்டிமீட்டர். நிமிஷத்துக்கு 24 தடவ, மூணு நிமிஷம். ஏறு, ஏறு, எறங்கு, எறங்குன்னு நாலு தாளம் ஒரு தடவைக்கு, அப்ப நிமிஷத்துக்கு 96 தாளம். முன்னாடி "ஓடிட்டு வாங்க"ன்னு மட்டும் விட்டதுல ஒருத்தன் பறப்பான், ஒருத்தன் வேப்பமரத்தடியில நின்னுட்டு வருவான், அத வச்சு என்னத்த ஒப்பிடுறது? என் போன்ல சீரா தாளம் தட்டுற மெட்ரோனோம் ஆப் போட்டு நிமிஷத்துக்கு 96ல வச்சேன், சத்தம் பத்தல. எப்பவும் பெஞ்சுல தாளம் போட்டு எல்லா டீச்சர்கிட்டயும் திட்டு வாங்குற ஒரு பையன் இருந்தான், அவன போன காதுல வச்சிக்கிட்டு அதே வேகத்துல பெஞ்ச அடிக்கச் சொன்னேன். மூணு நிமிஷமும் ஒரு துளி பிசகல. ஆறு ஆறு பேரா ஏறுனாங்க, அவன் அடிச்சிக்கிட்டே இருந்தான், கடைசியில அவன் கைய்யே சோந்துபோச்சு, "டீச்சர், படி ஏறாமயே எனக்கு நாடி ஏறிருச்சு"ன்னான், எண்ணிப் பாத்தா நெசமாவே ஏறித்தான் இருந்துச்சு.

ஓய்வு நாடின்னா உண்மையிலேயே ஓய்வா இருக்கணும். மாடிப்படி ஏறி வகுப்புக்குள்ள வந்த ஒடனே அளந்தா அது ஓய்வு கெடையாது. அஞ்சு நிமிஷம் பேசாம உக்கார வச்சுத்தான் எடுக்குறோம். பொம்பளப்புள்ள நாடிய ஆம்பளப்பையன் புடிச்சாலோ, எதுத்தாப்புல எச்.எம். நின்னு பாத்தாலோ நாடி தானா ஏறும், அதனால குழுவ அவங்களே பிரிச்சுக்கட்டும்னு விட்டுட்டேன். சாப்புட்ட ஒடனே வேணாம், டீ குடிச்ச ஒடனே வேணாம்.

ஒரு நாள் ஒரு பையன் முகம் வெளுத்துப்போய் வந்து, "டீச்சர், என் நாடி வேகமாப் போகுது, மெதுவாப் போகுது, வேகமாப் போகுது, எனக்கு ஏதோ இருக்கு"ன்னான். நானும் தொட்டுப் பாத்தேன், அவன் சொன்னது சரிதான், சீரா இல்ல. எனக்கே பயம் வந்துருச்சு, ஆனா காட்டிக்கல, அவன படி ஏற விடாம கடிகாரம் பாக்குற வேலையக் குடுத்துட்டேன். ஸ்கூலுக்கு செக்கப்புக்கு வர்ற டாக்டரம்மாவுக்கு போன் பண்ணி அவங்க வந்தப்ப காட்டுனேன். அவங்க அவன மெதுவா மூச்ச இழுத்து விடச் சொல்லிட்டு நாடியப் புடிச்சாங்க. மூச்ச இழுக்கும்போது வேகமாகுது, விடும்போது மெதுவாகுது, சின்னப் புள்ளைங்களுக்கு இது சாதாரணமா இருக்குறதுதான், பயப்பட ஒண்ணுமில்லன்னு சொல்லி, ஸ்டெதாஸ்கோப் வச்சும் பாத்துட்டாங்க. அதுக்கப்பறம் மொத்த வகுப்பும் அவனச் சுத்தி உக்காந்து மூச்ச இழு, விடுன்னு பாத்தாங்க, அவங்கவங்க கையிலயும் பாத்துக்கிட்டாங்க. ஒண்ணு சொல்றேன், இந்த மாதிரி எதையாவது நீங்க கண்டா நீங்களே இது ஒண்ணுமில்லன்னு சொல்லி அனுப்பிராதீங்க, டாக்டர் ஒரு தடவ பாக்கட்டும். நாம டீச்சர்தான்.

என்கூட பி.எட். படிச்ச தோழி ஒருத்தி மலைக்கு அந்தப் பக்கம் வண்டிப்பெரியாறு பக்கத்துல தமிழ் மீடியத்துல வேல பாக்குறா, தேயிலத்தோட்டத்துப் புள்ளைங்க. அங்க புள்ளைங்க நாடித்துடிப்புன்னு சொன்னா பாதி பேரு "மிடிப்பா டீச்சர்?"னு மலையாளத்துல கேப்பாங்களாம். அவளும் இதே சோதனையப் பண்ணா, ரெண்டு பேரும் நம்பரப் பரிமாறிக்கிட்டோம். அவ வகுப்புல ஓய்வு நாடி எங்களவிட நல்லா கொறச்சலா இருந்துச்சு. எங்க புள்ளைங்க ஒடனே, "மலைக்காத்து டீச்சர், மேல இருக்குறவங்களுக்கு ஒடம்பு நல்லாருக்கும்"னாங்க. எனக்கும் அப்படி எழுதிரலாம்னு ஆசதான், கேக்க நல்லாருக்குல்ல. ஆனா ஒக்காந்து பேசுனதுல அவ காலையில பத்து மணிக்கு, குளுருக்கு ஸ்வெட்டர் போட்ட நேரத்துல எடுத்திருக்கா, நான் மத்தியானம் ரெண்டு மணிக்கு, சாப்புட்டு வந்த புள்ளைங்கள, ஃபேன் ஓடாத வகுப்புல வச்சு எடுத்திருக்கேன். வெக்கையில ஒடம்பக் குளுர வைக்க தோலுக்கு ரத்தம் அதிகமா ஓடணும், சோறு செரிக்க வயித்துக்கும் அதிகமா ஓடணும், நாடி ஏறத்தான செய்யும். எங்களுக்கும் அவங்களுக்கும் உசர வித்தியாசம் ஐந்நூறு மீட்டர் வாக்குலதான், அதெல்லாம் நாடியில பெருசா காட்டுற உசரமே இல்ல. அடுத்த தடவ ரெண்டு பேருமே காலையில பத்து மணிக்கு எடுத்தோம், வித்தியாசம் பாதிக்கு மேல காணாமப் போச்சு. மிச்சம் இருக்குறது குளுரா, நடையா, அளக்குற கையான்னு எங்களால பிரிக்க முடியல, அப்படியேதான் நோட்டுல எழுதச் சொன்னேன்.

இப்ப தசைச்சோர்வு. இதுக்கு எல்லாரும் சொல்ற சாமான் துணி கிளிப்பு. கட்டவெரலுக்கும் ஆள்காட்டி வெரலுக்கும் நடுவுல வச்சு முழுசா அமுக்கித் தெறக்கணும், 30 செகண்டுக்கு எத்தன தடவ, நிறுத்தாம அடுத்த 30, அதுக்கடுத்த 30. எண்ணிக்க கொறஞ்சிக்கிட்டே வரும். மொத தடவ பண்ணப்ப நான் ரெண்டு கடையில வாங்குன கிளிப்பக் கலந்து குடுத்துட்டேன், ஒண்ணுல ஸ்பிரிங்கு லூசு, ஒண்ணுல கல்லு மாதிரி, ஒருத்தி தொண்ணூறு தடவ அமுக்குறா, பக்கத்துல ஒருத்தன் நாப்பதுல கைய உதறுறான், எல்லாரும் அவனப் பாத்துச் சிரிச்சிட்டாங்க. அந்தப் பையன் அந்த வாரம் பூராவும் எங்கிட்ட முகம் குடுத்துப் பேசல. அதுல இருந்து ஆளுக்கு ஆள் ஒப்பிடுறதே கெடையாது, ஒவ்வொருத்தரும் தனக்குத்தான் போட்டி, அதே கிளிப்பு, அதே கை, கிளிப்பு மேல பேர எழுதி வச்சிக்கணும். பாதி அமுக்குறத எண்ணக்கூடாது, ரெண்டு முனையும் தொட்டு டக்குனு சத்தம் கேட்டாத்தான் ஒண்ணு.

இந்தக் கிளிப்புச் சோதனைய எங்க புள்ளைங்களே வேற எடத்துக்குக் கொண்டு போனாங்க, எனக்கு அதுதான் ரொம்பப் புடிச்சது. ஒரு பையன் அமுக்கிக்கிட்டே சொன்னான், "டீச்சர், எங்கப்பா திராட்சையில கவாத்து வெட்டுறப்ப இப்படித்தான் கத்திரிய அமுக்கிக்கிட்டே இருப்பாரு, ஆனா கை மேல இருக்கும். வீட்டுக்கு வந்தா கொஞ்ச நேரம் கையத் தொங்கப் போட்டுக்கிட்டுத்தான் திண்ணையில உக்காருவாரு." எங்க பக்கம் திராட்ச பந்தல்லதான் படரும், கவாத்தோ கொல வெட்டுறதோ எல்லாமே தலைக்கு மேல கையத் தூக்கித்தான். சரி, அதயே சோதிச்சுப் பாப்போம்னு ஆயிருச்சு. கையத் தூக்கி வச்சு அமுக்குனா, கையத் தொங்கப் போட்டு அமுக்குனா, எதுல சீக்கிரம் சோர்வு வருது? பாதிப் பேரு மொதல்ல தூக்கி, மறுநாள் தொங்கப் போட்டு, மீதிப் பேரு திருப்பி, ஏன்னா எத ரெண்டாவதா செய்றோமோ அதுக்குப் பழக்கம் வந்துரும். கிட்டத்தட்ட எல்லாருக்கும் தூக்குன கைதான் சீக்கிரம் ஓஞ்சுச்சு. காரணத்த அப்பறம் பேசுனோம். இதயத்துல இருந்து அரை மீட்டர் மேல கை போனா அங்க ரத்த அழுத்தம் 35ல இருந்து 40 மில்லிமீட்டர் பாதரசம் வரைக்கும் கொறஞ்சிரும், மேல ஏத்துறது செரமம்ல, மோட்டார்ல மேல்தொட்டிக்குத் தண்ணி ஏத்துற கணக்குத்தான். அமுக்குற தசை வேற சுருங்கும்போது தனக்குள்ள ஓடுற ரத்தக்குழாயத் தானே நெரிச்சுக்கும். வர்ற ரத்தமும் கொறவு, தோளும் சேந்து வலிக்குது. அந்தப் பையன் போய் அவங்கப்பாகிட்ட, நடுவுல நடுவுல கைய எறக்கிட்டு எறக்கிட்டு வெட்டுங்கன்னு சொல்லியிருக்கான், அவரு "அது எங்களுக்குத் தெரியாதாடா, கூலி யாரு குடுப்பா"ன்னு கேட்டாராம். அதுக்கு எங்கிட்ட பதில் இல்ல.

சோர்வுக்குக் காரணம் என்னன்னு கேட்டா நான் பல வருஷம் ஒரே வரியில லாக்டிக் அமிலம்னு சொல்லிட்டுப் போயிருக்கேன். தசையில ஆக்சிஜன் செலவாகுறதுக்கும் லாக்டிக் அமிலத்துக்கும் உள்ள தொடர்பக் கண்டுபுடிச்ச மேயர்ஹாஃப், தசையில சூடு உண்டாகுறத ஆராய்ஞ்ச ஏ.வி. ஹில்னு ரெண்டு விஞ்ஞானிகளுக்கு 1922ஆம் வருஷத்து நோபல் பரிசு, அதுல ஆரம்பிச்சு அந்த வரி நம்ம எல்லாரு வாயிலயும் நின்னுருச்சு. இப்ப அது அவ்வளவு நேர்க்கோடு இல்லன்னு தெரியும். ஆற்றல் செலவாகும்போது வர்ற பாஸ்பேட் தசைக்குள்ள சேருது, சுருங்கச் சொல்லி உத்தரவு குடுக்குற கால்சியம் வெளிய வர்றது கொறையுது, மூளையும் போதும்னு பிரேக் போடுது, எல்லாம் சேந்துதான். லாக்டேட்ட, அதாவது அந்த லாக்டிக் அமிலம் ஒடம்புல இருக்குற வடிவத்த, இதயமே எரிபொருளா எடுத்துக்கும், ஓய்வெடுத்தா ஒரு மணி நேர வாக்குல ரத்தத்துல பழைய அளவுக்கு வந்துரும், அதனால மறுநாள் காலையில வர்ற ஒடம்பு வலிக்கு அது காரணமே இல்ல, அது தசை நார்ல ஏற்படுற நுண்ணிய காயம்.

மூளை பிரேக் போடுதுங்கிறத நாங்க கண்ணால பாத்தோம். ஒரு லிட்டர் தண்ணி பாட்டில நீட்டுன கையில புடிச்சிக்கிட்டு நிக்கணும், தோளுக்கு நேரா. மொத நாள் தனித்தனியா வராண்டாவுல, யாரும் இல்லாம. ரெண்டாவது நாள் வகுப்பு பூரா சுத்தி நின்னு பேரச் சொல்லிக் கத்த. அதே பாட்டில், அதே கை, ஆனா ரெண்டாவது நாள் நெறைய பேரு கூடுதல் நேரம் நின்னாங்க, ஒரு சிலர் கை நடுங்க நடுங்க. தசை முழுசா தீந்துபோயிருந்தா கத்துறதால அது எப்படிக் கூடும்? இத்தாலிக்காரர் ஏஞ்செலோ மோஸ்ஸோன்னு ஒருத்தர், 19ஆம் நூற்றாண்டு கடைசியில, நடுவெரல்ல கயித்தக் கட்டி எடைய இழுக்க வச்சுச் சோர்வ வரைஞ்சு காட்டுற கருவி ஒண்ணு செஞ்சாரு, அதுல பரீட்ச நடத்தி முடிச்சு வந்த பேராசிரியர்களோட வெரல்கூட சீக்கிரம் சோர்ந்து போறதப் பதிவு பண்ணாரு. பரீட்ச எழுதுனவங்க இல்ல, நடத்துனவங்க. இத நான் ஸ்டாஃப் ரூம்ல சொன்னப்ப எல்லாரும் ஒரு நிமிஷம் அமைதியாயிட்டாங்க.

பாதுகாப்பு விஷயத்துல நான் கறாரு. காலைச் சிற்றுண்டித் திட்டம் அஞ்சாம் வகுப்போட நின்னுருது, எங்க புள்ளைங்க ஒம்போதும் பத்தும், அம்மா விடியுமுன்ன ஜீப்புக்குப் போயிருச்சுன்னா நெறைய புள்ளைங்க வெறும் வயித்தோடதான் வரும். அதனால சோதனை அன்னைக்கு காலையில மொத வேலையா யாரு சாப்புடலன்னு கேக்குறேன், கேட்டாச் சொல்லமாட்டாங்க, அதனால எல்லாருக்கும் பொதுவா வாழப்பழமும் கடலமிட்டாயும் வாங்கி வச்சிருவேன், சாப்புட்டு ஒரு மணி நேரம் கழிச்சுத்தான் படி. ஆஸ்துமா, நெஞ்சுவலி, ரத்தசோக, மாதவிடாய், காய்ச்சல்ல இருந்து எந்திரிச்சவங்க யாரும் காரணம் சொல்லாமயே கடிகாரம் பாக்குற வேலைய எடுத்துக்கலாம். காரணத்தச் சொல்ல வைக்கிறது தப்பு, நானும் பண்ணியிருக்கேன். டேபிள்ல பேரு கெடையாது, ஏ, பி, சின்னுதான், குண்டா இருக்குற புள்ளையோட நம்பர போர்டுல பேரோட எழுதி வச்சா அது அறிவியல் இல்ல.

போன மாசம் வீட்டுல யாராவது ஒருத்தருக்கு நாடி எண்ணிட்டு வாங்கன்னு சொல்லியிருந்தேன். ஒரு பொண்ணு, அவங்கம்மா ஏலத்துக்குப் போறவங்க, சாயந்தரம் ஜீப்புல இருந்து எறங்குன எடத்துலயே கையப் புடிச்சு எண்ணியிருக்கு, 22. வீட்டுக்குப் போய் அவங்கம்மா அடுப்பப் பத்தவச்சு சோறு வடிச்சு எறக்குனதும் திரும்ப எண்ணியிருக்கு, 25. ரெண்டையும் நாலால பெருக்கி 88, 100ன்னு எழுதி, கீழ சிவப்புப் பேனாவுல, "வீட்டுக்கு வந்தப்பறம் ஏன் டீச்சர் கூடுச்சு?"ன்னு போட்டிருந்துச்சு. வகுப்புல படிச்சுக் காட்டுனேன். அடுப்புச் சூடுன்னான் ஒருத்தன். நின்னுக்கிட்டே இருந்ததாலன்னா ஒருத்தி. ஜீப்புல உக்காந்து வந்ததுதான் அவங்களுக்கு அன்னைக்குக் கெடச்ச ஓய்வு, அதனால அங்க கொறஞ்சிருக்கும்னு இன்னொருத்தி. எது சரின்னு எனக்குத் தெரியாது. சூட்டையும் நிக்கிறதையும் எப்படித் தனித்தனியா பிரிச்சு அளக்குறதுன்னு இப்ப குழு குழுவா எழுதிக்கிட்டு இருக்காங்க, ஒரு குழு அடுப்பே இல்லாம அஞ்சு நிமிஷம் சும்மா நின்னு எண்ணலாம்ங்கிறாங்க, இன்னொரு குழு அடுப்பு முன்னாடி ஸ்டூல் போட்டு உக்காந்து எண்ணலாம்ங்கிறாங்க. வர்ற வெள்ளிக்கிழம சத்துணவுக் கூடத்து அடுப்புல பண்ணிப் பாக்க சமையலம்மாகிட்ட அனுமதி கேட்டிருக்கேன், சமையல் முடிஞ்சு கூட்டம் கொறஞ்சப்பறம் வாங்கன்னு சொல்லியிருக்காங்க.